முள் இறங்கினால் போதாது

சென்ற ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த பிறகு, சேலையூர் வீட்டு மாடியறையில் ரேடியோ செட்டைப் போட்டேன். இரண்டு ஆண்டுகளாக 1.7-இல் நின்ற எஸ்டபிள்யூஆர் முள் 1.2-க்கு வந்திருந்தது. நான் எதையும் தொடவில்லை. ஆண்டெனாவைச் சரிசெய்யும் வேலையை மழை செய்யாது. கம்பத்தைச் சாய்த்து பிளக்கைக் கழற்றியபோது உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. கேபிளின் மேலுறையை ஒரு முழம் கீறிப் பார்த்தால் செம்புப் பின்னல் கறுத்து, இடையிடையே பச்சை பூத்திருந்தது. மீட்டரைப் பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் மேடவாக்கத்து நண்பருக்கு என் குரல் எட்டவில்லை.

இந்த இதழின் வாசகர்கள் இதை ஒரு முறையாவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டெனாவின் பொருத்தம் மோசம், 3-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். அங்கே போய்ச் சேரும் ஆற்றலில் கால் பங்கு திரும்பிவிடும். நனைந்த கேபிள் 3 டெசிபல் தின்கிறது என்றால், நூறு பங்கு அனுப்பினால் ஐம்பதுதான் மேலே போகும். அதில் பன்னிரண்டரை திரும்பும். வழியில் பாதி கரைந்து, ஆறேகால் பங்கு மட்டுமே மீட்டருக்கு வரும். மீட்டர் அதை 1.7 என்று காட்டும். வானில் பறந்ததோ நூற்றில் முப்பத்தேழரை. 4 வாட் செட்டிலிருந்து ஒன்றரை வாட்! கேபிள் கெடக் கெட முள் இன்னும் அழகாக இறங்கும். டம்மி லோடுக்கும் முள் 1-இல்தான் நிற்கிறது. அதை வைத்து யாரும் பேசுவதில்லை.

ஆகவே, ட்யூன் செய்வதை ஆண்டெனாவின் அடியில், கேபிள் சேரும் இடத்தில் தொடங்குங்கள். நானோவிஎன்ஏ என்ற சிறிய ஆண்டெனா அளவுக்கருவி இன்று ரிச்சி தெருவில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அரை மீட்டர் கேபிளோடு அதை மாடிக்கு எடுத்துப் போய் அங்கே ஓர் அளவு, கீழே செட்டின் பக்கத்தில் ஓர் அளவு எடுங்கள். கீழே எடுத்த அளவு மேலே எடுத்ததைவிட மிக நன்றாக இருந்தால் சந்தேகம் கேபிள் மேல் போக வேண்டும். புதிய ஆர்ஜி-58 கேபிளே 30 மீட்டருக்கு ஏறத்தாழ 2 டெசிபல் தின்னும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. ஆர்ஜி-213 அதில் ஏறக்குறைய பாதிதான் இழக்கும். செட்டுக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தைக் கேபிளுக்குத் திருப்புங்கள் என்பதே என் கருத்து.

இனி நீளம். அதற்கு முன் பட்டையின் எல்லை தெரிய வேண்டும். நம் நாட்டில் 2005-இல் உரிமத் தேவை நீக்கப்பட்ட சிட்டிசன்ஸ் பேண்ட் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை. ஆற்றல் வரம்பு 5 வாட் ஈஆர்பி. வெளிநாட்டிலிருந்து வரும் நாற்பது சானல் செட்டுகளில் 1 முதல் 27 வரைதான் இதற்குள் அடங்கும். 28-வது சானல் 27.285, வரம்பைத் தாண்டிவிட்டது. 28 முதல் 40 வரை நமக்கு இல்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஈஆர்பி என்பது ஆண்டெனாவின் லாபத்தையும் சேர்த்த கணக்கு. 4 வாட் செட்டில் மூன்று உறுப்பு யாகியை மாட்டினாலே வரம்பு மீறிப் போகும். லீனியர் ஆம்ப்ளிஃபையர் பற்றிப் பேசவே வேண்டாம். கம்பம் நடுவதற்கு முன் விதியின் வாசகத்தை, அதில் ஆண்டெனா பற்றிய பகுதியையும் சேர்த்து, ஒவ்வொருவரும் முழுதாகப் படித்துவிட வேண்டும்.

பட்டையின் நடு 27.12 மெகாஹெர்ட்ஸ். அதற்குக் கால் அலை நீளம் ஏறத்தாழ 2.63 மீட்டர். ஒரு செண்டிமீட்டர் நறுக்கினால் ஒத்ததிர்வு 100 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். முழுப் பட்டையும் ஏறத்தாழ மூன்று செண்டிமீட்டரில் அடங்கிவிடுகிறது. ஆகவே அரத்தை எடுக்கும் முன் இரண்டு முறை அளக்க வேண்டும். நீளமாக வைத்துத் தொடங்குவதே நல்லது. உரிமம் பெற்று 28.4-இல் பேசும் பத்து மீட்டர் ஹாம்களுக்கும் இதே கணக்குதான். நீளம் மட்டும் 2.51.

தரையில் படுக்க வைத்து ட்யூன் செய்துவிட்டுப் பிறகு நிறுத்துகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். நிறுத்தியதும் எல்லாம் மாறிவிடும். நம் மொட்டை மாடிகளில் அடுத்த தளம் கட்டலாம் என்று விட்டுவைத்த தூண் கம்பிகள், துணிக்கொடி, கைப்பிடிச் சுவருக்குள் ஓடும் இரும்பு எல்லாம் ஆண்டெனாவோடு பேசும். நிற்கப்போகும் இடத்தில், நிற்கப்போகும் உயரத்தில் அளந்தால்தான் அது அளவு. எர்த் கம்பியைப் புதைத்துவிட்டால் ரேடியல் வேண்டாம் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கீழே இருப்பது சார்னோகைட் பாறை; உலர்ந்த பாறை அலைக்கு நல்ல தரையாகாது. எர்த் இடிக்காக, ரேடியல் அலைக்காக. கால் அலை ரேடியல்கள் நான்கை 45 டிகிரி சரித்துக் கட்டினால் 50 ஓமுக்குப் பக்கத்தில் தானாக வந்து நிற்கும்.

அளவெடுக்கும்போது கேபிளைக் கையால் பிடித்துப் பாருங்கள். வரைகோடு அசைந்தால் கேபிளின் வெளிப்பின்னலும் ஆண்டெனாவாக வேலை செய்கிறது என்று பொருள். வீட்டு இன்வெர்ட்டர், எல்இடி விளக்கு, சோலார் பெட்டி எல்லாவற்றின் இரைச்சலையும் அது செட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும். ஆண்டெனாவின் அடியில் கேபிளையே பன்னிரண்டு செண்டிமீட்டர் விட்டத்தில் ஆறேழு சுற்றாகச் சுற்றிக் கட்டுங்கள். ஃபெரைட் வளையம் கிடைத்தால் இன்னும் நல்லது.

எவ்வளவு செய்தாலும் போகாத இரைச்சலும் உண்டு. 27.12 மெகாஹெர்ட்ஸ் தொழில், மருத்துவக் கருவிகளுக்கும் ஒதுக்கப்பட்ட இடம். பிளாஸ்டிக் ஒட்டும் ஆர்எஃப் எந்திரங்கள், பிசியோதெரபி நிலையத்து ஷார்ட்வேவ் டயாதெர்மி எல்லாம் அங்கேதான் இயங்குகின்றன. பகல் வேலை நேரத்தில் மட்டும் பட்டை முழுக்க ஓர் உறுமல் ஊர்ந்து போனால், ஆண்டெனாவை நோண்டாதீர்கள். இந்தப் பட்டையில் நமக்குப் பாதுகாப்புக் கோரும் உரிமை கிடையாது. பீச்–தாம்பரம் ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு 25 கிலோவோல்ட் கம்பியின் வெடிப்பொலியும் சேர்ந்துகொள்ளும். ஈரமான அதிகாலைகளில் அது கூடும்.

சூரியச் சுழற்சி 2024-இல் உச்சம் தொட்டது முதல் பலர் தொலைதேச நிலையங்கள் காதில் விழுவதைத் தங்கள் ஆண்டெனாவுக்கு நற்சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அயனிமண்டலம் திறந்திருக்கும் நாளில் துணிக்கொடியில்கூட வெளிநாடு கேட்கும். தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்கும் வேளச்சேரிக்கும் நடுப்பகலில் குரல் தெளிவாகப் போகிறதா என்பதே வீட்டு ஆண்டெனாவுக்கான சோதனை. நமக்கு உண்மையில் தேவைப்படப்போவதும் அந்தத் தூரம்தான்.

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது மின்சாரமும் கைபேசியும் ஒன்றாகப் போயின. ஹாம்கள் அப்போது செய்தி கடத்தினார்கள். மறு ஆண்டு டிசம்பர் 12-இல் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எல்லாம் வடகிழக்குப் பருவத்திலேயே. நம் கேபிள்களுக்குள் தண்ணீர் இறங்குவதும் அதே மாதங்களில். தேவைப்படும் நாளும் கெட்டுப்போகும் நாளும் ஒன்றாக வருவதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கம்பத்தை இறக்கும்போதும் ஏற்றும்போதும், அது எந்தப் பக்கம் விழுந்தாலும் தெரு மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனியாகச் செய்யாதீர்கள். விமான நிலையத்தை ஒட்டிய குரோம்பேட்டை, பல்லாவரம் நண்பர்கள் உயரக் கட்டுப்பாட்டையும் நினைவில் வையுங்கள்.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுத்திருந்தால் அந்தக் கேபிளை வெட்டி ஒட்ட வேண்டாம், மாற்றுங்கள். புதிய இணைப்பின் மேல் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, கேபிள் கீழே தொங்கி வளைந்து பிறகு வீட்டுக்குள் நுழையும்படி கட்டுங்கள். 26.965, 27.12, 27.275 மூன்றிலும் மேலும் கீழும் எடுத்த அளவுகளைத் தேதியோடு எழுதி, அந்தத் தாளைச் செட்டின் அடியில் ஒட்டிவையுங்கள். கார்த்திகையில் முள் அந்த அளவிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்திருந்தாலும், இறங்கியிருந்தாலும்கூட, உடனே மாடிக்குப் போங்கள்.