பஸ் காசும் சிகிச்சைதான்

'பெர்சனலைஸ்டு ட்ரீட்மென்ட்'னு கேட்டதும் நமக்கு ஜீன், ரோபோ, ஏ.ஐ. எல்லாம் ஞாபகம் வரும். தப்பில்லை. 2012-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமியின் டி-செல்களை எடுத்து, லேபில் மாற்றி, அவள் உடம்புக்கே திரும்பச் செலுத்தினார்கள். ரத்தப் புற்றுநோய் மறைந்தது. 2017-ல் அந்தச் சிகிச்சை விற்பனைக்கு வந்தபோது விலை 4,75,000 டாலர்! ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியலும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 அதைவிட ரொம்பக் குறைவு. ஆனால் 2023-ல் அதற்குக் கிடைத்த ஒப்புதல் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான்.

அப்போ குழந்தைகளுக்கு? அவர்களுக்கும் இங்கே ட்ரையல் நடந்திருக்கிறது. பேர் 'ஐசிக்கிள்'. சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் உட்பட நாட்டின் பல பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து செய்தது. வயது, வெள்ளையணு எண்ணிக்கை, குரோமோசோம் மாற்றம், முதல் மாத மருந்துக்குப் பிறகு எஞ்சிய நோய்ச்செல் இதையெல்லாம் பார்த்து, எந்தக் குழந்தைக்கு எவ்வளவு வீரியமான மருந்து என்று முடிவு செய்வார்கள். பத்தாயிரம் செல்லில் ஒன்று நோய்ச்செல் என்றாலும் டெஸ்ட் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்த பிறகு அந்தக் குழந்தை அடுத்த தேதிக்கு வரவில்லை என்றால்?

இந்தச் சிகிச்சை இரண்டு வருஷத்துக்கு மேல் இழுக்கும். நம்ம கோரிமேடு ஜிப்மர் வாசலில் ஒரு காலைநேரம் நின்று பாருங்கள். விழுப்புரம், கடலூர் பக்கமிருந்து எத்தனை குடும்பம்! கூலிக்குப் போகிற அப்பாவுக்கு ஒவ்வொரு விசிட்டும் ஒரு நாள் சம்பளம். பாதியில் நின்றுபோனால் குழந்தைக்கும் ஆபத்து, ட்ரையல் முடிவிலும் ஓட்டை.

அதனால் என் கருத்து இதுதான்: மருந்து டோஸ் மாதிரியே பஸ் காசு, தங்குமிடம், இழந்த கூலி மூன்றும் ட்ரையல் பட்ஜெட்டிலேயே இருக்கணும். 'காசு கொடுத்து ஆள் சேர்க்கிற மாதிரி ஆயிடாதா?'ன்னு சிலர் கேட்பார்கள். செலவான காசைத் திருப்பித் தருவது வேறு, ஆசை காட்டுவது வேறு. பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டலாம்னு ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறையே சொல்கிறது.

நமக்கும் இதில் வேலை இருக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இன்னொரு அட்டெண்டன்ஸ் ஆப் வேண்டாம் மக்களே. தேதி தவறிய குழந்தையின் வீட்டுக்கு அன்றைக்கே தமிழில் போன் போக ஒரு சிஸ்டம் செய்வோம். அதுவும் பெர்சனலைஸ்டு ட்ரீட்மென்ட்தான்.