சோம்பேறி என்று திட்டாதீர்கள்!

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் முழுக்க அவளை நான் 'சோம்பேறி' என்று சொல்லாத நாளே கிடையாது. இந்தப் பகுதிக்கு எழுதும் சகோதரிகள் பலர் வயசுப் பிள்ளைகளின் படிப்பு, செல்போன், பேச்சுத் துடுக்கு என்று எழுதுகிறார்கள். நான் ரத்தத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். பத்தாவது வரை படித்த இல்லத்தரசி நான். என் கணவர் விசைத்தறியில் வேலை பார்க்கிறார். பெரிய விஷயம் தெரிந்தவள் என்று எண்ணி விடாதீர்கள். பட்டுத் தெரிந்து கொண்டவள்.

காலையில் ஏழு மணிக்கு எழுப்பினாலும் அவள் எழ மாட்டாள். ஸ்கூல் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அப்படியே படுத்து விடுவாள். "ஏட்டி, ஒரு குடம் தண்ணி பிடிச்சா கை தேஞ்சா போயிரும்?" என்பேன். "முடியலம்மா" என்பாள். "பதினாலு வயசுல உனக்கு என்ன முடியல? உன் வயசுல நான்..." என்று என் பழைய கதையை ஆரம்பித்து விடுவேன். மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். அதையும் நடிப்பு என்றுதான் நினைத்தேன். கணக்கில் மார்க் குறைந்தது. செல்போன்தான் காரணம் என்று அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினோம். செல்போன் போன பிறகும் அவள் தூங்கத்தான் செய்தாள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அரிசி மூட்டைப் பக்கம் போனால் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக் கொள்வாள். "அரிசியைத் திங்காத ஏளா, கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்" என்று அத்தை சொல்வார்கள். எல்லோரும் சிரிப்போம். அவள் வயசில் நானும் சிலேட்டுக்குச்சி தின்றவள்தான். என் கல்யாணத்தில் ஒரு தூறல்கூட விழவில்லை என்பது வேறு விஷயம்!

ஒரு நாள் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். உள்ளே ஒன்பது நீல நிற மாத்திரைகள். எனக்குக் கை காலெல்லாம் நடுங்கி விட்டது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்த நேரத்தில் என்னென்ன தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. கூப்பிட்டு அதட்டினேன். "பள்ளிக்கூடத்துல வாராவாரம் குடுப்பாங்கம்மா. முத தடவை வெறும் வயித்துல போட்டு வாந்தி வந்திருச்சு. இதைச் சாப்பிட்டா பின்னாடி குழந்தை பிறக்காதுன்னு வேற ஒருத்தி சொன்னா. அதான் எல்லாரும் வாங்கி ஒளிச்சு வச்சுருவோம்" என்றாள்.

மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது. "அரிசி, மண், சாக்பீஸ்னு ஏதாவது திங்கிறாளா?" என்று அவர் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரத்தசோகை உள்ள பலருக்கு இந்த ஆசை வருமாம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.6. அந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் கையைக் குடுங்கம்மா" என்றார் நர்ஸ். எனக்கு 9.2!

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது மகள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என் உடம்பின் அசதியை 'பொம்பளைன்னா இப்படித்தான்' என்று நான் ஏற்றுக் கொண்டேன். அவள் அசதியை மட்டும் சோம்பல் என்று திட்டினேன்.

டாக்டரம்மா விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நாம் இழுக்கும் மூச்சில் உள்ள பிராணவாயுவை உடம்பு முழுக்கச் சுமந்து போவது ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அது உண்டாக இரும்புச் சத்து வேண்டும். அது குறைந்தால் காலுக்கும் மூளைக்கும் போகிற பிராணவாயு குறைகிறது. அப்புறம் எப்படி மாடிப்படி ஏறுவாள், எப்படி அல்ஜீப்ரா மண்டையில் ஏறும்? பத்து வயசுக்கு மேல் உடம்பு சட்டென்று வளர்கிறது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கில் ரத்தமும் போகிறது. ஏழு நாளுக்கு மேல் போனாலோ, மணிக்கொரு தரம் நாப்கின் மாற்ற வேண்டி வந்தாலோ அது சாதாரணமில்லை, டாக்டரிடம் காட்ட வேண்டும். இதையும் நம் வீடுகளில் வெட்கப்பட்டுக் கொண்டு மறைக்கிறோம்.

ஒரு கணக்கைக் கேளுங்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதன்படி வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு 30 மில்லிகிராம்! தறியில் நாளெல்லாம் நிற்கும் என் கணவரைவிட என் மகளுக்குத்தான் அதிகம் தேவை. ஆனால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஈரல் எடுத்தால் யார் இலைக்குப் போகும்? முதலில் அவருக்கு. அடுத்து 'வளர்ற பையன்' என்று மகனுக்கு. அத்தைக்குக் கொஞ்சம். மகளுக்கும் எனக்கும் குழம்பு. அவள் வளரவில்லையா? யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. பரிமாறிய கை என் கைதான். வேறு யாரைக் குறை சொல்ல?

நம் வீட்டில் மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பையன்களில் 31 பேர். ஆகவே மகனைப் பெற்றவர்களும் இதைப் படியுங்கள்.

அடுத்தது டீ. காலையில் சாப்பிட நேரமில்லை என்று ஒரு டம்ளர் டீயும் நாலு பிஸ்கெட்டும் கொடுத்து அனுப்புவேன். சத்து இல்லாதது ஒரு பக்கம். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் அந்தச் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தையும் உடம்பு சரியாக எடுத்துக் கொள்ளாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாறாக, எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் சத்து நன்றாகச் சேரும். கீரைக்கும் பருப்புக்கும் இது ரொம்ப முக்கியம். ஏனென்றால் ஈரல், கறி, மீனில் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேருவது போல கீரையில் உள்ளது சேராது.

பீட்ரூட், மாதுளை சமாச்சாரத்தையும் சொல்லியாக வேண்டும். சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நானும் கடன் வாங்காத குறையாக மாதுளம்பழம் வாங்கினேன். நல்ல பழம்தான், ஆனால் அதில் இரும்புச் சத்து மிகக் குறைவாம். நம் ஊர்க் கம்பிலும் முருங்கைக் கீரையிலும் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது, காசும் குறைவு. பரணில் கிடந்த இரும்புச் சட்டியை இறக்கி விட்டேன். புளி விட்டு அதில் சமைத்தால் கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்குமாம். 'நான்ஸ்டிக்' வந்ததும் அதைப் பரணுக்கு அனுப்பியதும் நான்தான்.

ஆனால் 8.6-ல் இருக்கும் பிள்ளைக்குச் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். மூன்று மாதம் தினமும் போடச் சொன்னார்கள். குடலில் புழு இருந்தாலும் ரத்தம் குறையுமாம், அதற்கும் மாத்திரை கொடுத்தார்கள். இரும்பு மாத்திரையைச் சாப்பிட்ட பின் போட்டால் குமட்டல் குறைகிறது. மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். என் மகள் அதைக் கண்டு அழுதே விட்டாள். முன்கூட்டியே சொல்லி வைத்தால் பிள்ளைகள் மாத்திரையை நிறுத்த மாட்டார்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை என்றால் வேறு காரணம் இருக்கலாம், மறுபடி டாக்டரிடம்தான் போக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் மாதக்கணக்கில் மெடிக்கல் ஷாப் டானிக்கை மாற்றி மாற்றிக் குடித்து ஏமாந்தார்.

'சத்து மாத்திரைதானே' என்று அள்ளிப் போடுவதும் ஆபத்து. 2023 மார்ச்சில் உதகமண்டலத்தில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் போட்டி போட்டுக் கொண்டு இந்த மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்க, ஒரு சிறுமி இறந்தே போனாள். அந்தச் செய்தி ஞாபகம் வந்ததும் மாத்திரைப் பட்டையை மகன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன்.

இங்கேதான் பள்ளிக்கூடங்களிடம் எனக்கு ஒரு கேள்வி. அந்த நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் போலிக் அமிலமும் இருக்கிறது. பத்து முதல் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று என்று அரசு இலவசமாகத் தருகிறது. படிப்பை நிறுத்திய பெண்களுக்கு அங்கன்வாடியில் கிடைக்கும். இவ்வளவு நல்ல ஏற்பாட்டைக் கையில் கொடுத்து 'போட்டுக்கோ' என்று சொல்லி விட்டால் போதுமா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடு கண் முன்னால் போட வைக்கக் கூடாதா? பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். இந்த மாத்திரை எதற்கு, சாப்பிட்டால் என்ன ஆகும், குழந்தை பிறக்காது என்பது வெறும் புரளி என்று ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் அந்த ஒன்பது மாத்திரைகளும் பாக்ஸில் கிடந்திருக்காது. டீச்சர்களுக்கு ஆயிரம் வேலை என்பது எனக்குத் தெரியும். கேட்காமல் இருந்த என்னைப் போன்ற அம்மாக்கள் மீதும் தப்பு உண்டு.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அவளுக்கு 11.4. இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். அரிசி மூட்டைப் பக்கம் போவது தானாகவே நின்று விட்டது. அத்தைக்குத்தான் ஆச்சரியம்! முருங்கைக் கீரையைக் கண்டால் இன்னும் மூஞ்சியைச் சுளிக்கிறாள், அடையில் போட்டுக் கொடுத்துச் சமாளிக்கிறேன். எனக்கு 10.5 ஆகியிருக்கிறது. போன வாரம் நான் மாத்திரை போட மறந்து படுத்து விட்டேன். "சாப்பிட்டாச்சுல்ல, இந்தாம்மா" என்று தண்ணீரோடு வந்து நின்றவள் அவள்தான்.

– ஒரு வாசகி, சங்கரன்கோவில்