டேப்லெட் ஹேங் ஆகுதா? புதுசு வாங்கும் முன் பார்க்க வேண்டிய 4 இடங்கள்

சாத்தூர் அருகே இருக்கன்குடியில் ஆடி மாதக் கடைசி வெள்ளி என்றால் லட்சக்கணக்கான பக்தர்கள் திரள்வார்கள். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேரும் இடத்தில் உள்ள மாரியம்மன் கோயிலைச் சுற்றி அன்று கால் வைக்க இடம் இருக்காது. அப்படி ஒரு நாளில் ஊருக்குள் யாராவது டேப்லெட்டைத் திறந்தால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கலாம். பணம் அனுப்பும் ஆப் பாதியிலேயே தொங்கலாம். 'டேப் பழசாயிடுச்சு, வேற வாங்கணும்' என்று உடனே முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் கோளாறு டேப்பில் இல்லை. அத்தனை போன்களும் சேர்ந்து அதே டவர்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

மெதுவான டேப்லெட் விஷயத்தில் பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். எது பழுது என்று பார்க்காமலேயே மொத்தப் பழியும் டேப் மேல் விழுகிறது.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

கொரோனா காலத்தில், 2020, 2021 ஆண்டுகளில், ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகளுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் ஏராளம். பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலை நம்பியிருக்கும் சிவகாசி, சாத்தூர் வட்டாரமும் இதற்கு விலக்கல்ல. அந்த டேப்கள் இன்று நாலைந்து வயதைத் தாண்டிவிட்டன. பாடம், போட்டித் தேர்வுக் காணொலி, வங்கி, அரசு இணையச் சேவை என்று வேலை மட்டும் கூடியிருக்கிறது.

சுமாரான ஒரு புது டேப்லெட்டுக்குப் பத்து, பதினைந்தாயிரம் ரூபாய் வேண்டும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அது பல வாரச் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கும் அது இன்னொரு இஎம்ஐ. ஒரு மணி நேரத்தில் காசில்லாமல் சரியாகக்கூடிய பிரச்சினைக்காக அந்தப் பணத்தைக் கட்டுவது வீண். நேர்மாறாக, எப்படிச் சுத்தம் செய்தாலும் சரியாகாத டேப்போடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதும் வீண்தான். இது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க நான்கு இடங்களைச் சோதித்தால் போதும்.

1. மெதுவாக இருப்பது டேப்பா, நெட்டா?

முதல் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஏரோபிளேன் மோடைப் போட்டுவிட்டு செட்டிங்ஸ், கேலரி, கால்குலேட்டர் ஆகியவற்றைத் திறந்து பார்க்கலாம். ஏற்கெனவே இறக்கி வைத்த ஒரு வீடியோவையும் ஓட்டிப் பார்க்கலாம். இதெல்லாம் சட்டெனத் திறந்தால் டேப் நன்றாகத்தான் இருக்கிறது. பிரச்சினை சிக்னலிலோ, வைஃபையிலோ, எதிர்ப்பக்க சர்வரிலோ இருக்கிறது. நெட் இல்லாதபோதும் இவை திணறினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

ஒரே இடத்தில் வைத்து அதே வலைத்தளத்தைப் போனிலும் டேப்பிலும் திறந்து பார்ப்பது இன்னொரு வழி. இரண்டும் ஒரே வைஃபையிலோ ஒரே நிறுவன சிம்மிலோ இருக்க வேண்டும். இரண்டுமே இழுத்தால் டேப்பைக் குறை சொல்ல முடியாது.

2. இடம் நிரம்பிவிட்டதா?

மலிவு டேப்கள் திணற முக்கியக் காரணம் ஸ்டோரேஜ் நிரம்புவது. 32 ஜிபி என்று விற்ற டேப்பில் ஆண்ட்ராய்டும் கம்பெனி முன்கூட்டியே ஏற்றிய ஆப்களும் கணிசமான இடத்தை முதலிலேயே பிடித்துக்கொள்கின்றன. மிச்சத்தை வாட்ஸ்அப் குரூப் வீடியோக்களும் பள்ளி பிடிஎஃப்களும் நிரப்பிவிடுகின்றன.

இடம் நிரம்பினால் வேகம் ஏன் குறைய வேண்டும்? டேப்பில் இருக்கும் ஃபிளாஷ் மெமரி, சிலேட்டுப் பலகை மாதிரி அழித்த இடத்தில்தான் எழுதும். ஆனால் ஒரு எழுத்தை மட்டும் தனியாக அழிக்க அதற்குத் தெரியாது; ஒரு பகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். காலி இடம் தாராளமாக இருந்தால் புதிய தகவல் அங்கே போய்விடும். இடம் இல்லையென்றால், வேண்டிய தகவலை முதலில் வேறிடத்துக்கு நகர்த்தி, பழைய பகுதியை அழித்து, அதன் பிறகுதான் எழுத வேண்டும். ஒரு போட்டோ எடுப்பதற்குக்கூட இத்தனை வேலை நடக்கிறது.

விலை குறைந்த டேப்களில் இஎம்எம்சி என்ற வகை ஸ்டோரேஜ் இருப்பது வழக்கம். விலை கூடியவற்றில் யுஎஃப்எஸ் இருக்கும். யுஎஃப்எஸ் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் செய்யும். இஎம்எம்சி ஒருவழிப் பாலம் மாதிரி. ஒன்று முடிந்த பிறகுதான் மற்றொன்று. பின்னணியில் பிளே ஸ்டோர் அப்டேட் ஓடும்போது மற்ற எல்லாமே உறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கான தீர்வு எளிது. மொத்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வைத்திருப்பது நல்லது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் எந்தக் குரூப் எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று காட்டும். வீடியோ, போட்டோக்களை மெமரி கார்டுக்கு மாற்றலாம். ஆப்களை மட்டும் கார்டுக்கு மாற்ற வேண்டாம். கார்டின் வேகம் குறைவு என்பதால் அது இன்னும் மோசமாக்கும்.

3. ரேம் போதவில்லையா?

ஸ்டோரேஜ் பரண் என்றால், ரேம் வேலை செய்யும் மேஜை. மேஜை சின்னதாக இருந்தால் ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் அடுத்ததை விரிக்க முடியும். பாடக் காணொலியிலிருந்து வாட்ஸ்அப்புக்குப் போய்த் திரும்பும்போது காணொலி முதலிலிருந்து லோடு ஆகிறதா? அது ரேம் பற்றாக்குறையின் அடையாளம். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-லிருந்து, விலை குறைந்த சாதனங்களுக்கான 'கோ' பதிப்புக்கே குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும் என்று கூகுள் வரையறுத்தது. இது குறைந்தபட்ச எல்லைதான். சௌகரியமாக ஓட இது போதாது.

ரேமைக் கூட்ட முடியாது. அது போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சுமையைக் குறைக்கலாம். பயன்படுத்தாத ஆப்களை நீக்கலாம். நீக்க முடியாத கம்பெனி ஆப்களை 'டிஸேபிள்' செய்யலாம். ஹோம் ஸ்கிரீனில் ஓடும் விட்ஜெட்களையும் லைவ் வால்பேப்பரையும் எடுத்துவிடலாம். பெரிய ஆப்புக்குப் பதில் அதே சேவையைப் பிரவுசரில் திறக்கலாம். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யலாம்.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. 'ரேம் பூஸ்டர்', 'ஸ்பீடு கிளீனர்' என்ற பெயரில் வரும் ஆப்களால் பெரும்பாலும் உபத்திரவம்தான். பின்னணியில் இருக்கும் ஆப்களை அவை மூடும். ஆண்ட்ராய்டு அவற்றை மறுபடி முதலிலிருந்து திறக்கும். இடையில் விளம்பரம் வேறு. ரேமை நிர்வகிக்கும் வேலையை ஆண்ட்ராய்டே செய்துகொள்ளும்.

திரை மாறும் வேகம் மட்டும் சோம்பலாகத் தெரிந்தால் ஒரு சின்ன வழி இருக்கிறது. 'அபௌட் டேப்லெட்' பகுதியில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் மூன்று அனிமேஷன் ஸ்கேல்களையும் 0.5 என்று மாற்றலாம். டேப்பின் சக்தி இதனால் கூடாது. காத்திருக்கும் நேரம் குறையும். அந்தப் பகுதியில் வேறு எதையும் தொட வேண்டாம்.

4. சூடாகிறதா? பேட்டரி தளர்ந்துவிட்டதா?

விருதுநகர் மாவட்டத்துக் கோடையைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஐபேடை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட வீட்டில் மே மாத மதியம் அந்த எல்லை தாண்டிவிடும். உள்ளே இருக்கும் சிப் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டேப்பில் ஃபேன் கிடையாது. பின்பக்க மூடி வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். தடிமனான ரப்பர் கவர் அதையும் அடைத்துவிடுகிறது.

காலையில் நன்றாக ஓடும் டேப் மதியம் மட்டும் திணறினால் காரணம் பெரும்பாலும் சூடுதான். கவரைக் கழற்றுவது, சார்ஜ் போட்டபடி வீடியோ பார்க்காமல் இருப்பது, மெத்தை மேல் வைக்காமல் மேஜை மேல் வைப்பது, இந்த மூன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

பேட்டரி தளர்வதும் வேகத்தைப் பாதிக்கக்கூடும். பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென அணைந்துபோகாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2020-இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. பலர் போனையே மாற்றினார்கள். பேட்டரியை மாற்றியிருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. டேப்பின் பின்மூடி உப்பியிருந்தாலோ திரை ஓரம் தூக்கியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். அதை அழுத்துவதோ, குத்துவதோ, மறுபடி சார்ஜ் போடுவதோ கூடாது. பட்டாசுத் தொழில் பார்க்கும் வட்டாரத்தில் தீ விபத்தைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அணைத்துவிட்டு, எரியக்கூடிய பொருள்களிடமிருந்து தள்ளி வைத்து, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும்.

ரீசெட் செய்யலாமா?

மேலே சொன்னவை பலிக்காவிட்டால் கடைசி வழி ஃபேக்டரி ரீசெட். சேர்ந்த குப்பையெல்லாம் போய்விடும். எல்லாத் தகவலும் சேர்ந்தே போய்விடும். முதலில் போட்டோ, ஆவணங்களை வேறிடத்தில் சேமிக்க வேண்டும். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். திருட்டைத் தடுக்க வைத்திருக்கும் பூட்டு காரணமாக, ரீசெட்டுக்குப் பிறகு பழைய கணக்கின் பாஸ்வேர்டையே டேப் கேட்கலாம். மறந்திருந்தால் டேப் வெறும் பலகைதான்.

அரசோ அலுவலகமோ கொடுத்த டேப் என்றால் கதை வேறு. தமிழகத்தில் அரசு தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 80 ஆயிரம் பேருக்கு 2024-இல் டேப்லெட் வழங்கும் திட்டம் தொடங்கியது. இப்படித் தரப்படும் சாதனங்களில் வேலைக்கான ஆப்களும் கட்டுப்பாடுகளும் சேர்ந்தே வரலாம். உரிய அலுவலகத்தில் கேட்காமல் ரீசெட் கூடாது.

எதுவும் பலிக்கவில்லை என்றால்?

அப்போது கோளாறு வாங்கிய நாளிலேயே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதற்கு இந்தியாவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மாணவர்களுக்கான மலிவு டேப்லெட் என்று 2011 அக்டோபர் 5-ஆம் தேதி மத்திய அரசு 'ஆகாஷ்' டேப்லெட்டை அறிமுகம் செய்தது. அதில் இருந்தது 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம், அழுத்தினால்தான் வேலை செய்யும் வகைத் திரை. மெதுவாக இருக்கிறது என்ற புகார் உடனே வந்தது. அடுத்த ஆண்டு வந்த 'ஆகாஷ் 2'-இல் 1 கிகாஹெர்ட்ஸ் பிராசசரும் 512 எம்பி ரேமும் வைக்க வேண்டியதாயிற்று. முதல் டேப்பை எவ்வளவு சுத்தம் செய்திருந்தாலும் அது இரண்டாவதாக மாறியிருக்காது.

அப்டேட்டும் இப்படித்தான். 2014-இல் வந்த ஐபேட் ஏர் 2, 2021-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 15 வரை புதிய பதிப்புகளைப் பெற்றது. பல மலிவு ஆண்ட்ராய்டு டேப்களுக்கு ஒன்றிரண்டு பெரிய அப்டேட்களோடு கதை முடிந்துவிடுகிறது. ஆனால் ஆப்கள் மட்டும் ஆண்டுதோறும் பெருத்துக்கொண்டே போகின்றன. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன டேப்பில் வங்கி ஆப், யுபிஐ வைத்திருப்பது ஆபத்து. அதைப் பாட வீடியோ பார்க்க, புத்தகம் படிக்க என ஒரே வேலைக்கு ஒதுக்கிவிட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும்.

யாருடைய பொறுப்பு?

இந்த இடத்தில்தான் விஷயம் வீட்டைத் தாண்டிச் சட்டத்துக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் போன், டேப்லெட்களுக்குப் புதிய விதிகள் வந்துள்ளன. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் மென்பொருள் அப்டேட் தர வேண்டும். முக்கிய உதிரிப் பாகங்கள் 7 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும்.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. ஒரு சாதனத்தை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்க முடியும் என்று மதிப்பெண் தரும் குறியீட்டுக்கான பரிந்துரையை அதற்கான குழு 2025 மே மாதம் அளித்தது. அந்த மதிப்பெண் பெட்டியின் மேல் அச்சாகி வரும் வரை, கடையில் கேள்வி கேட்பது வாங்குகிறவர் பொறுப்புதான்.

கேட்க வேண்டியவை மூன்று. ரேமும் ஸ்டோரேஜும் எவ்வளவு, ஸ்டோரேஜ் எந்த வகை? எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் வரும்? பேட்டரியை எங்கே, எவ்வளவு செலவில் மாற்றலாம்? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் கேமரா மெகாபிக்சலைப் பற்றி மட்டும் பேசும் கடையில் அவசரப்பட வேண்டியதில்லை. அதற்கு முன், வீட்டில் இருக்கும் பழைய டேப்பில் ஏரோபிளேன் மோடைப் போட்டு ஒருமுறை கேலரியைத் திறந்து பார்த்துவிடலாம்.