கைக்குழந்தைக்கும் தலைக்கணக்கா?

நீளமான த்ரெட். ஹோம்ஸ்டே, சர்வீஸ் அபார்ட்மென்ட் நடத்துறவங்களுக்குக் கோபம் வரலாம். வந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டுங்க.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் ரூம் விசாரிச்சவங்களுக்கு இந்த உரையாடல் புதுசு இல்ல. "ரெண்டு பேர்ங்க, கூட எட்டு மாசக் குழந்தை." "அப்போ மூணு பேர் சார். எக்ஸ்ட்ரா பர்சன் சார்ஜ் வரும்." "கைக்குழந்தைங்க." "குழந்தையும் தலைதானே சார்!"

தலைதான். ஆனா அந்தத் தலை உங்க தலையணையில படுக்காது. படுக்கவும் கூடாது. ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குத் தலையணையே ஆகாது.

எட்டு மாசக் குழந்தை உங்க ரூம்ல என்னத்தைச் செலவு பண்ணும்னு பார்ப்போம். குளிக்க அரை பக்கெட் தண்ணி. சாப்பாடு, தாய்ப்பாலும் அம்மா கொண்டு வந்த கொஞ்சம் கஞ்சியும். ஆறு மாசத்துக்குள்ளன்னா தாய்ப்பால் மட்டும்தான், தண்ணிகூடக் குடிக்காது. பெட்டு கேக்காது, டவல் கேக்காது, காலையில காம்ப்ளிமென்டரி பிரேக்ஃபாஸ்ட்ல ரெண்டாவது பூரியும் கேக்காது. இதுக்கு 500 ரூபாய், 800 ரூபாய்னா அது எதுக்கான விலை?

நம்ம அரசுப் பேருந்துல 2022லிருந்து 5 வயசு வரைக்கும் டிக்கெட் கிடையாது. ரயில்ல 5 வயசுக்குக் கீழ, தனி பெர்த் கேக்கலைன்னா டிக்கெட்டே வேண்டாம். ஏர்பிஎன்பி கணக்குலயும் 2 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தை, விருந்தினர் எண்ணிக்கையில சேராது. கூடுதல் ஆள் கட்டணமும் அதுக்கு விழாது. 2 முதல் 12 வரைதான் 'குழந்தை'ன்னு எண்ணுவாங்க. ஆனா நம்ம ஊர்ல பாதி புக்கிங் வாட்ஸ்அப்லயும் போன்லயும்தானே நடக்குது? அங்க ஓனர் வெச்சதுதான் சட்டம்.

"ஃப்ளைட்ல மட்டும் வாங்குறாங்களே டாக்டர்?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும். வாங்குறாங்க. ஆனா அங்க மடியில இருக்கிற குழந்தைக்குன்னு தனி சீட் பெல்ட் தர்றாங்க, குழந்தைக்கான லைஃப் ஜாக்கெட் வெச்சிருக்காங்க. கூடுதல் ஆக்சிஜன் மாஸ்க் எந்த வரிசையில இருக்குன்னு பார்த்து உக்கார வைக்கிறாங்க. ஒரு விமானத்துல இத்தனை கைக்குழந்தைதான்னு எண்ணிக்கையும் வெச்சிருக்காங்க. நீங்களும் அப்படி ஏதாவது குடுத்துட்டு வாங்குங்க, நான் வாயே திறக்க மாட்டேன். கம்பி போட்ட தொட்டில் போட்டீங்களா, அதுக்கு வாடகை கேளுங்க. ரப்பர் ஷீட் குடுத்தீங்களா, கேளுங்க. எதுவும் குடுக்காம பிறந்ததுக்குக் காசு கேக்கக்கூடாது.

ஓனர்கள் பக்கத்துல நியாயமே இல்லன்னு சொல்ல வரலை. மெத்தையில கறை படியுது, உண்மை. யூஸ் பண்ணின டயப்பரை ஜன்னல் வழியா பள்ளத்துல வீசிட்டுப் போற மகானுபாவர்களும் இருக்காங்க. சானிட்டரி கழிவைச் சுத்திக் கட்டித்தான் போடணும்னு 2016 திடக்கழிவு விதியிலயே இருந்துச்சு. அப்படி வீசினவங்ககிட்ட ஃபைன் வாங்குங்க. மெத்தை வீணாச்சுன்னா அதுக்கான காசை வாங்குங்க. செஞ்ச சேதத்துக்குக் கேக்குறது வேற, செய்யப்போற மாதிரி முகத்தைப் பார்த்தே முன்கூட்டி வாங்குறது வேற.

"ராத்திரி அழுது, பக்கத்து ரூம்காரங்க கம்ப்ளெயின்ட் பண்றாங்க." சரி. 500 ரூபாய் வாங்கினா குழந்தை அழுகையை நிறுத்திடுமா? உங்க இடம் குழந்தைகளுக்குச் சரிப்படாதுன்னா அதை வெளிப்படையா எழுதிடுங்க. "மாடிப்படி செங்குத்து, பால்கனிக் கம்பி இடைவெளி அகலம், கைக்குழந்தையோட வர வேண்டாம்"னு எழுதுற ஓனரை நான் மதிக்கிறேன்.

இதுவரைக்கும் பேசினது காசு. நான் எழுத உக்கார்ந்ததுக்குக் காரணம் வேற.

காசு கேட்டா ஜனங்க என்ன செய்வாங்க? குழந்தையைச் சொல்ல மாட்டாங்க. ரயில்ல ஆறு வயசுப் பையனுக்கு "யாராவது கேட்டா நாலுன்னு சொல்லு"ன்னு சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டுப் போற பரம்பரை நாம. ரெண்டு பேர்னு புக் பண்ணிட்டு, குழந்தையைச் சால்வைக்குள்ள வெச்சுக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அந்த ரூம்ல ஒரு குழந்தை இருக்குன்னு ஓனருக்கே தெரியாது.

போன குளிர்காலத்துல ஒரு நைட் டியூட்டி. (அடையாளங்களை மாத்தியிருக்கேன்.) பதினோரு மாசக் குழந்தை, கையிலயும் மார்லயும் வெந்நீர் பட்டு வந்துச்சு. பக்கெட்டைப் பிடிச்சு நின்னிருக்கு, மேல குழாய்ல கீசர் தண்ணி. பின்னாடியே ஓடி வந்த ஹோம்ஸ்டே ஓனர் அந்த அப்பாகிட்ட கேட்டது ஒண்ணுதான்: "குழந்தை இருக்குன்னு சொல்லவே இல்லையே சார், சொல்லியிருந்தா கீசரைக் குறைச்சு வெச்சிருப்பேனே!" அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "சொன்னா எக்ஸ்ட்ரான்னு போட்டிருந்துச்சு..." அந்த ஓனர் கெட்டவர் இல்ல. ராத்திரி பூரா வார்டு வாசல்ல உக்கார்ந்திருந்தார். அவர் போட்ட ஒரு வரிதான் அவருக்குத் தெரிய வேண்டியதை மறைச்சுது.

60 டிகிரி தண்ணி குழந்தைத் தோலை ஆழமா வேக வைக்க சில நொடி போதும். 50க்குக் கீழ வெச்சா கையை இழுத்துத் தூக்க நேரம் கிடைக்கும். (பட்டுட்டா ஓடுற சாதாக் குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம்.)

மலை ஊர்கள்ல இன்னொண்ணு, கரி அடுப்பு. குளிருதுன்னு மூடின ரூமுக்குள்ள கணப்பு வெச்சா கார்பன் மோனாக்சைடு. வாசனை இல்ல, நிறம் இல்ல. பெரியவங்க நிமிஷத்துக்குப் பதினஞ்சு தடவை மூச்சு விட்டா, கைக்குழந்தை முப்பது நாற்பது தடவை விடும். அதனால விஷம் அதுக்குள்ள சீக்கிரம் ஏறும். தலை வலிக்குதுன்னு சொல்லவும் தெரியாது, தூங்குதுன்னு நினைச்சுப்போம். கரி அடுப்பு யாருக்குமே தரக்கூடாது. காத்துப் போக்கு இல்லாத பாத்ரூம்ல கேஸ் கீசரும் அதே விஷயம்தான்.

டூரிஸ்ட்டை விடுங்க. வேலூர், சென்னை, கோயம்புத்தூர், மதுரைன்னு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்களுக்கு வாங்க. தினவாடகை ரூம்ல தங்குற குடும்பங்களைப் பாருங்க. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம்னு ரெண்டு மூணு நாள் ரயில்ல வர்றாங்க. சில வீட்ல பேஷன்டே அந்தக் கைக்குழந்தைதான். இதயத்துல ஓட்டை, ஆபரேஷன் தேதிக்கு வெயிட்டிங். ஒரு நாள்னு வந்தது இருபது நாள் ஆகும். எந்தக் குழந்தைக்காக நிலத்தை அடகு வெச்சு வந்தாங்களோ, அதுக்கே தினமும் 'எக்ஸ்ட்ரா பர்சன்'னு ஒரு வரி பில்லுல ஏறும். ஊட்டிக்குப் போறவர் வேற ஹோட்டல் பார்த்துப்பார். இவங்க எங்க போவாங்க? காசை மிச்சம் பிடிக்க ரூமை விட்டுட்டு ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்தா, ஆபரேஷனுக்கு முன்னாடி சளி பிடிக்கும். சளி பிடிச்சா தேதி தள்ளிப் போகும்.

ஓனர்களே, செய்ய வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. புக்கிங் வாங்கும்போது "2 வயசுக்குக் கீழ குழந்தை இருக்கா? கட்டணம் கிடையாது, தெரிஞ்சுக்கக் கேக்குறோம்"னு ஒரு வரி சேருங்க. உண்மை தானா வரும். வந்ததும் கீசரைக் குறைங்க, பக்கெட்டைக் கவிழ்த்து வைங்க, கட்டிலைச் சுவரோட இடுக்கு இல்லாம நெருக்கிப் போடுங்க, கீழ்த்தள ரூம் இருந்தா அதைக் குடுங்க. ராத்திரி எந்த ஜிஎச்ல டாக்டர் இருப்பாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி, 108ஐயும் சேர்த்துச் சுவத்துல ஒட்டுங்க.

பெத்தவங்களே, நீங்களும் ரப்பர் ஷீட்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க. டயப்பரைப் பேப்பர்ல சுத்தி வைங்க. முக்கியமா, காசு கேட்டாலும் குழந்தையை மறைக்காதீங்க. சண்டை போடுங்க, வேற ரூம் பாருங்க, மறைக்க மட்டும் வேண்டாம்.

"நீங்க மட்டும் ஃபீஸ் வாங்கலையா"ன்னு கமெண்ட் போட வர்றவங்களுக்கு: நான் ஜிஎச் டாக்டர், ஓபி சீட்டுக்குக் காசு கிடையாது. ஓனர்கள் யாராவது, ஒரு கைக்குழந்தையால ஒரு ராத்திரிக்கு உங்களுக்குக் கூடுதலா எவ்வளவு செலவாச்சுன்னு கணக்குப் போட்டுக் கீழ எழுதுங்க. டியூட்டி முடிஞ்சு வந்து படிக்கிறேன்.