டிக்கட்டும் குடையும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் தென்காசி வட்டாரத்தில் இரண்டு விஷயங்கள் பெருக்கெடுக்கின்றன. ஒன்று அருவி, மற்றொன்று ஆசை. தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவிக்கு நடக்கும் குடும்பஸ்தரின் வாயில், "இந்த வருஷம் குற்றாலம், அடுத்த வருஷம் வெளிநாடு" என்ற பேச்சு இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. அதற்கேற்றாற்போல், குற்றாலத்தில் நாலு நாள் தங்கும் செலவில் கடல் கடந்து போய் வரலாம் என்ற தோரணையில் விளம்பரங்களும் வந்து விழுகின்றன.

இது மெய்தானா? மெய்யென்றால் போகலாமா? போவதானால் எங்கே போவது? இந்த மூன்று கேள்விகளைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நடுத்தரக் குடும்பங்கள் அயல்நாடு பார்க்க ஆசைப்படுவதை நாம் மனமார வரவேற்கிறோம். இதில் புதுமை ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லலாம். 1956-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி வரையில் செங்கோட்டை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. சுதந்திரத்துக்கு முன்னே தென்காசிக்காரர் ஒருவர் ஐந்து மைல் மேற்கே போனால் போதும். வேறொரு மகாராஜாவின் ராஜ்யத்தில் கால் வைத்துவிடுவார். அங்கே நாணயம் சக்கரம். தபாலுக்குப் பெயர் அஞ்சல். சில அணா செலவில் சமஸ்தானத்து யாத்திரை முடிந்துவிடும்! இதைவிட மலிவான அந்நிய ராஜ்யப் பிரயாணம் வேறு யாருக்குக் கிடைத்திருக்கும்?

வடக்கே கடையநல்லூரைப் பாருங்கள். அவ்வூர் முஸ்லிம் பெருமக்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே கடல் கடந்து சிங்கப்பூர் சேர்ந்தவர்கள். 1941-இல் அங்கே தங்கள் ஊரின் பெயராலேயே ஒரு சங்கம் கண்டார்கள். அந்தச் சங்கம் 1946-இல் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தையும் நிறுவிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென் ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இவர்கள் எல்லோரும் போனது பிழைப்புக்காக. திரவியம் தேடக் கடல் கடக்கலாம் என்பது ஔவையார் காலத்துச் சம்மதம். பார்ப்பதற்காகவே போவது என்பது மட்டும் நெடுங்காலம் ஜமீன்தார்களுக்கும் பாரிஸ்டர்களுக்கும் உரிய சொத்தாக இருந்தது. அந்தச் சொத்தில் பள்ளிக்கூட ஆசிரியருக்கும் பாங்கு குமாஸ்தாவுக்கும் பங்கு கிடைப்பது நல்லதுதானே?

உள்ளூரில் இருப்பதை விட்டுவிட்டு வெளியே ஏன் அலையவேண்டும் என்று சிலர் கேட்பார்கள். தென்காசி என்ற பெயரையே அவர்கள் சாட்சிக்கு அழைப்பார்கள். காசிக்குப் போக முடியாதவர்களுக்காகப் பதினைந்தாம் நூற்றாண்டிலே பராக்கிரம பாண்டியன் காசியையே இங்கே கொண்டுவந்து விடவில்லையா என்பார்கள். வாஸ்தவம். விசுவநாதர் கோயிலும், 1990-இல் புதிதாக எழுந்து நிற்கும் ராஜகோபுரமும் நமக்குப் பெருமைதான். ஆனால் வடக்கே ஒரு காசி இருப்பதை அறிந்து, அதன்மேல் ஆசை வைத்தவர்களால்தான் தெற்கே ஒரு காசியைக் கட்ட முடிந்தது. வெளியே பார்த்த கண்தான் உள்ளூரை அழகு செய்யும்.

ஆகவே, போகலாமா என்ற கேள்விக்கு விடை: தாராளமாகப் போகலாம். மலிவாகப் போகலாமா என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நிதானித்துத்தான் விடை சொல்லவேண்டும். அதற்கு நம்முடைய திருநெல்வேலிச் சீமையின் சரித்திரமே ஒரு பாடம் வைத்திருக்கிறது.

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ஆம் வருஷம் அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நம்மவர்களின் கப்பல் ஓடத் தொடங்கியது. அதுவரை ஏகபோகமாகக் கப்பல் விட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. உடனே வெள்ளைக்காரக் கம்பெனியார், "டிக்கட்டே வேண்டாம், சும்மா ஏறிக்கொள்ளுங்கள், ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் தருகிறோம்" என்று கிளம்பினார்கள்! கொழும்புக்கு இலவசப் பிரயாணம், கையில் ஒரு புதுக் குடை. இதைவிட மலிவு உலகத்தில் உண்டா?

ஆனால் அந்தக் குடைக்கு விலை கொடுத்தவர் யார்? நஷ்டத்தில் தள்ளாடிய சுதேசிக் கம்பெனியும், அதற்குப் பங்குப் பணம் கொடுத்தவர்களுந்தான். பிள்ளையவர்கள் 1908-இல் சிறை புகுந்த பிறகு கம்பெனியும் நிலைக்கவில்லை. மலிவுச் சரக்கு எது வந்தாலும், "இதற்கு விலை கொடுப்பவர் யார்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. வெளிநாட்டுப் பிரயாணத்துக்கும் இதே கேள்விதான் உரைகல்.

இனி, எங்கே போவது என்ற விஷயத்துக்கு வருவோம்.

முதல் இடம் நேபாளத்துக்கு. இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டியதில்லை. பாஸ்போர்ட் இல்லாவிட்டால் தேர்தல் கமிஷனின் வாக்காளர் அட்டை போதும். நம்முடைய நூறு ரூபாய்க்கு அவர்களுடைய நூற்றறுபது ரூபாய் என்ற விகிதம் 1993 முதல் மாறாமல் இருக்கிறது. எனவே நாணயம் ஏறுமோ இறங்குமோ என்ற கவலையில்லை. தென்காசிக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு சௌகரியம் உண்டு. எப்படியும் ஒரு தடவை காசிக்குப் போகப் போகிறோம். கன்யாகுமரியிலிருந்து திருநெல்வேலி வழியாகக் காசி செல்லும் வாராந்தர ரெயிலும் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் செலவழித்துச் சென்ற பிறகு, இன்னும் சிறிது தூரம் போகச் சோம்பல் எதற்கு? காசியிலிருந்து கோரக்பூர், அங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் சுனௌலி எல்லை. எல்லையைத் தாண்டினால் அருகிலேயே புத்தர் பிறந்த லும்பினி. அப்புறம் பொக்காரா, காத்மாண்டு, பசுபதிநாதர் ஆலயம். வைஷ்ணவர்களுக்குச் சாளக்கிராமம் என்னும் முக்திநாத்தும் இருக்கிறது. ஆனால் முக்திநாத் 12,000 அடிக்கு மேலே இருப்பது. மார்பு நோயோ மூச்சு முட்டலோ உள்ள பெரியவர்கள் டாக்டரைக் கேளாமல் ஏறலாகாது.

இரண்டாவது இலங்கை. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிக் கப்பல் 2023 அக்டோபர் 14-ஆம் தேதி தொடங்கியது. சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் புறப்பட்டது. கடலில் சுமார் நாலு மணி நேரம். செங்கோட்டையிலிருந்து திருவாரூர் வழியாகத் தாம்பரம் போகும் ரெயில் வாரத்தில் சில நாட்கள் இருப்பதால், துறைமுகம் சேர்வது நமக்குச் சிரமமான காரியமல்ல. ஐப்பசி, கார்த்திகையில் புயலும் மழையும் கப்பலை நிறுத்திவிடும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அக்கரையில் இறங்கியதும் காதில் விழுவது தமிழ். நல்லூர்க் கந்தசுவாமி கோயில், நயினாதீவு, திருக்கேதீச்சரம், திருக்கோணமலை என்று பார்க்கவேண்டியவை பல. மலைநாட்டுக்குப் போனால், நம் ஜில்லாக்களிலிருந்து சென்றவர்களின் பேரன் பேத்திகளைத் தேயிலைத் தோட்டங்களில் காணலாம். அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசாமல் புகைப்படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவது அழகல்ல.

மூன்றாவது பூட்டான். விசா கிடையாது, அனுமதிச் சீட்டு மட்டும் வேண்டும். அவர்கள் நாணயமும் நம் ரூபாயும் சம மதிப்பு. ஆனால் 2022 முதல் இந்தியர்களும் தலைக்கு, இரவு ஒன்றுக்கு, 1,200 ரூபாய் வரி செலுத்தவேண்டும். பெரியவர்கள் நாலு பேர் நாலு இரவு தங்கினால் 19,200 ரூபாய். அறையும் சாப்பாடும் இதில் சேரா. தங்கள் காடும் மலையும் கூட்டத்தால் கெட்டுவிடக்கூடாது என்று ஒரு சிறிய தேசம் வாங்கும் விலை அது. சீசன் ஞாயிற்றுக்கிழமையன்று குற்றாலத்தில் பிளாஸ்டிக் காகிதமும் ஷாம்பூ உறையும் மிதப்பதைப் பார்த்தவர்கள் இந்த வரியைக் குறை கூறமாட்டார்கள்.

இவற்றுக்கும் அப்பால் மலேயா, தாய்லாந்து, வியட்நாம் முதலிய தேசங்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசாத் தேவையை நீக்கிற்று. இவ்வித விதிகள் பஞ்சாங்கத்தைப் போல வருஷத்துக்கு வருஷம் மாறுவதால், டிக்கட் வாங்குமுன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம். வியட்நாமில் பத்தாயிரம் ரூபாயை மாற்றினால் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட "டாங்" கையில் வந்துவிடும். ஒரே நிமிஷத்தில் லட்சாதிபதி! ஆனால் ஒரு கிண்ணம் ஸேமியாச் சூப்புக்கு ஐம்பதினாயிரம் டாங் எண்ணிக் கொடுக்கும்போது லட்சாதிபதிப் பட்டம் பறந்துவிடும்.

பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். பெரியவர்களுக்குப் பத்து வருஷம் செல்லும். வருஷத்துக்கு நூற்றைம்பது ரூபாய்தான். போகிற உத்தேசம் இல்லாவிட்டாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பள்ளி விடுமுறை உச்சத்தில் போகாமல் முன்னே பின்னே போவது, விமான டிக்கட்டை மாதக் கணக்கில் முன்கூட்டி வாங்குவது, இரண்டு குடும்பமாகச் சேர்ந்து வீடு அமர்த்துவது, பருப்புப் பொடி எடுத்துப் போவது - இந்தச் சிக்கனமெல்லாம் நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குற்றாலத்துக்குச் சனி, ஞாயிறு போகாமல் செவ்வாய், புதன் போகிறவருக்கு இந்த வித்தை கைவந்ததுதான். இது நல்ல சிக்கனம். இதற்கு விலை கொடுப்பது நம்முடைய முன்யோசனை ஒன்றே.

விலையை வேறொருவர் தலையில் கட்டும் சிக்கனமும் உண்டு. அது மூன்று வகை.

முதலாவது, அயலாரின் கஷ்டத்தில் காணும் மலிவு. 2022-ஆம் வருஷத் தொடக்கத்தில் அமெரிக்க டாலருக்குச் சுமார் 200 ஆக இருந்த இலங்கை ரூபாய், சில மாதங்களில் 350-ஐத் தாண்டிச் சரிந்தது. மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் அங்கே ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அதே சமயத்தில் நம்முடைய ரூபாய்க்கு அங்கே அதிகம் கிடைத்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு தேசத்துக்குப் போவது தவறல்ல. போவதே அவர்களுக்கு உதவி. ஆனால் போன இடத்தில் ஆட்டோக்காரரிடமும் பழக்காரியிடமும் கடைசிக் காசு வரையில் பேரம் பேசுவது தர்மமாகாது. இது குற்றாலத்து வியாபாரிக்குத் தெரியும். சாரல் பொழியும் இரண்டு மூன்று மாதங்களில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்று வருஷம் முழுவதையும் சமாளிக்கவேண்டியவர் அவர். காரில் வந்து இறங்கும் கனவான் ஐந்து ரூபாய்க்காகக் கால் மணி நேரம் வாதாடும்போது அவர் மனம் என்ன பாடுபடும்! வெளிநாட்டில் நாம் காரில் வந்த கனவான்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நாளைய நம்மிடமிருந்து பிடுங்கும் மலிவு. "இன்று பிரயாணம், பிறகு தவணை" என்று அழைக்கிறார்கள். ஐந்து நாள் பார்த்த தாய்லாந்துக்கு இரண்டு வருஷம் தவணை கட்டும் குடும்பத்தில், புகைப்படம் மங்குவதற்குள் வட்டி தடித்துவிடும். வீட்டுக்கும் படிப்புக்கும் கடன் வாங்குவதிலே ஒரு நியாயம் இருக்கிறது. உல்லாசத்துக்குக் கடன் வாங்குவது, வரப்போகும் தீபாவளியை இன்றே அடகு வைப்பதாகும். சீட்டுக் கட்டிச் சேர்த்துப் பணம் கையில் வந்த பிறகு புறப்படுங்கள். இரண்டு வருஷம் காத்திருந்தால் நேபாளம் எங்கும் ஓடிப்போய்விடாது.

மூன்றாவதுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. அருவியில் குளித்து வருகிறவர்களுக்குப் பசி அபாரமாக எடுக்கும். அந்தப் பசிக்காகக் குற்றாலத்து வாடகை வீடுகளில் எத்தனை தாய்மார்கள் காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறார்கள்! ஹோட்டல் செலவு மிச்சம் என்று வீட்டு எஜமானர் கணக்கு எழுதுகிறார். அந்த மிச்சத்துக்கு விலை கொடுத்தவர் அடுப்படியில் இருக்கிறார். இந்தச் சிக்கனம் இப்போது கடல் தாண்டவும் கிளம்பிவிட்டது. பெட்டியில் மின்சார அடுப்பும் பருப்பும் போகின்றன. கூடவே சமைப்பவரும் போகிறார். போக்காராவின் ஏரிக்கரையில் எல்லோரும் உலாவும்போது, அறைக்குள் ரசம் கொதித்துக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாளுக்கு மீனாட்சிபுரமும் நேபாளமும் ஒன்றுதான். இரண்டிலும் அவர் கண்டது அடுப்பு.

பருப்புப் பொடி போகட்டும். அடுப்பு வேண்டாம் என்பது நமது யோசனை. ஏழு நாள் திட்டம் போட்டிருந்தால் ஐந்து நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் இரண்டு நாள் செலவில் எல்லோரும் ஒருங்கே உட்கார்ந்து அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடலாம். நாலு தேசம் பார்த்தோம் என்ற பெருமை கொஞ்சம் குறையும். நாலு பேரும் பார்த்தோம் என்ற திருப்தி கிடைக்கும்.

செலவுக் கணக்கை எழுதி முடித்ததும், யார் பெயர் அதில் விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு தடவை வீட்டார் எல்லோரையும் கூட்டிவைத்து வாசித்துப் பாருங்கள். ஒருவர் பெயரும் விட்டுப்போகவில்லையென்றால், தடையின்றிப் புறப்படலாம். குடையை மட்டும் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டு போங்கள்.