துணைவேந்தர் இருக்கையும் தூங்கும் தமிழரும்!



கழகம் கூட்டித் தமிழாய்ந்த ஊர் மதுரை என்று மேடைதோறும் முழங்குகின்றோம். பாண்டித்துரையார் 1901-இல் நான்காம் தமிழ்ச்சங்கம் நிறுவியதும் அவ்வூரில்தான் என்று பெருமை கொள்கின்றோம். அம் மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்து, தேனிச் சாலையோரம் மதுரைக் காமராசர் பல்கலைக்கழகம் நிற்கின்றது. உசிலம்பட்டியின் வானம் பார்த்த நிலத்திலும், மேலூரின் பெரியாற்றுப் பாய்ச்சலிலும், திருமங்கலத்துக் கரிசலிலும் உழைத்து ஓய்ந்த தாய்தந்தையர், தம் குடியில் முதற்பட்டம் பெறப்போகும் பிள்ளையை அதனை நம்பித்தான் அனுப்பி வைக்கின்றனர்.

அப் பல்கலைக்கழகத்தை ஆள வருபவர் யார் என முடிவு செய்வதில் அப் பெற்றோர்க்குப் பங்கு உண்டா? இல்லை. அங்குக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு உண்டா? கற்கும் மாணவர்க்கு உண்டா? இல்லவே இல்லை! இதுகாறும் நிகழ்ந்தது என்ன? தேடற்குழு என்றொரு மூவர் குழு கூடும். அது மூன்று பெயர்களை எழுதி அனுப்பும். கிண்டி மாளிகையில் இருப்பவர் அவற்றுள் ஒன்றன்மேல் தம் விரலை வைப்பார். அவ் விரலை அசைப்பது தில்லியா, தலைமைச் செயலகமா என்பதே ஒவ்வொரு முறையும் எழுந்த சண்டை. அச் சண்டையில் தமிழ் எங்கே இருந்தது? தமிழ் மாணவன் எங்கே இருந்தான்? இதனைத்தான் நாம் கேட்கின்றோம்.

முதலில் இவ் விருக்கையில் அமர்ந்தவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். 1966-இல் இப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தராக வந்தவர் பன்மொழிப் புலவர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். 1971-இல் வந்தவர் மு. வரதராசனார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழாய்ந்து முதன்முதல் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 1974-இல் துணைவேந்தராக இருந்தபோதே மறைந்தார். 1979 முதல் 1982 வரை அங்கிருந்தவர் மூதறிஞர் வ.சுப. மாணிக்கனார். இளமையில் இரங்கூனில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, முதலாளி உள்ளே இருக்கவும் ‘இல்லை’ எனச் சொல்லுமாறு ஏவப்பெற்று, அப் பொய்யைச் சொல்ல மறுத்து வேலையை இழந்து ஊர் திரும்பியவர் அவர். ஓய்வு பெற்ற பின்னும் ஓயாது, தமிழ்வழிக் கல்வி இயக்கம் கண்டு ஊர் ஊராய் அலைந்தவர்.

ஒரு பொய்க்காக வேலையைத் துறந்தவர் அமர்ந்த இருக்கை அது! அவ் விருக்கை பின்னர் என்னவாயிற்று?

2012-இல் கல்யாணி மதிவாணன் துணைவேந்தராக அமர்த்தப்பெற்றார். பேராசிரியராகப் பத்தாண்டுப் பணி என்னும் பல்கலைக்கழக நல்கைக் குழுவின் வரையறைப்படி அவர்க்குத் தகுதியில்லை என வழக்கெழுந்தது. 2014-இல் உயர்முறைமன்றம் அவ் வமர்த்தத்தை நீக்கியது. 2015-இல் உச்சமுறைமன்றம், மாநில அரசு ஏற்றுக்கொள்ளாத அவ் வரையறை மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது என்று கூறி, நீக்கியதை நீக்கியது. அதற்குள் அவருடைய பணிக்காலமே முடியுந் தறுவாய்க்கு வந்துவிட்டது! 2017-இல் செல்லத்துரை அமர்த்தப்பெற்றார். 2018 சூன் திங்களில் அவ் வமர்த்தத்தையும் உயர்முறைமன்றம் நீக்கிப் புதிதாகத் தேடுமாறு பணித்தது. 2022-இல் வந்த குமார், பணிக்காலம் முடியுமுன்னரே 2024-இல் உடல்நலங் கரணியமாக விலகினார். அதன்பின் ஆளுகை, தலையில்லாத ஒருங்கிணைப்புக் குழுவின் கைக்குப் போயிற்று.

இதற்கிடையில் ஆசிரியரும் ஊழியரும் திங்கள் முடிந்தும் சம்பளம் வாராமல் வாயிலில் அமர்ந்து போராடினர். வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்ந்த முதியோர் ஓய்வூதியத்திற்காகக் கொடி பிடித்தனர். யார் துணைவேந்தர் என்று வழக்காடுதற்குக் காலமும் பொருளும் இருந்தன. உழைத்தவனுக்குக் கூலி கொடுக்க இல்லை!

இனி, இவ் ‘வேந்தர்’ என்பவர் யார்? எங்கிருந்து வந்தார்? 1857-இல் ஆங்கிலேயன் சென்னைப் பல்கலைக்கழகத்தை நிறுவியபோது, தன் ஆளுநனையே அதற்கு வேந்தனாக்கினான். அடிமை நாட்டில் கல்வியும் அரசின் காவலில் இருத்தல் வேண்டும் என்பது அவன் கணக்கு. ஆங்கிலேயன் போய் எத்தனையோ ஆண்டுகள் கழிந்தன. அவன் இட்ட அவ் வேற்பாடு மட்டும் போகவில்லை. அரசியலமைப்பு ஆளுநர்க்குத் தராத ஒரு பொறுப்பை நாமே நம் சட்டங்களில் எழுதி வைத்துக்கொண்டு, வழிவழியாய் வணங்கி நின்றோம். நடுவணரசே அமர்த்திய பூஞ்சி ஆணையம் 2010-இல் தந்த அறிக்கை, ஆளுநர்மேல் இத்தகைய வேந்தர்ச் சுமையை ஏற்ற வேண்டா என்று பரிந்துரைத்தது. கேட்டார் யார்?

வேந்தராய் வந்தவர் அவ் வுரிமையை எவ்வாறு கையாண்டனர் என்பதற்குச் சான்றுகள் பல. 2018 ஏப்பிரலில் தமிழ்நாடு காவிரிக்காகக் கொதித்துக் கிடந்தபோது, அண்ணா பல்கலைக்கழகத்திற்குத் துணைவேந்தராகக் கருநாடகத்தினின்று சூரப்பாவைக் கொண்டுவந்து அமர்த்தினார் அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித். அவர் பிறந்த மாநிலம் பற்றியன்று நம் வருத்தம்; தமிழ்நாட்டுப் பொறியியற் கல்விக்குத் தலைமை தாங்கத் தமிழறிவு ஒரு தகுதியாக எண்ணப்பெறவில்லையே என்பதுதான். அவ்வாளுநரே அவ்வாண்டு அத்தோபரில், துணைவேந்தர் பொறுப்புகள் கோடிக்கணக்கில் விலைபோயின என்று மேடையில் பேசினார். விலைபோனதாகச் சொன்ன அவ் வமர்த்த ஆணைகளிலெல்லாம் கையெழுத்திட்டு வந்தது எந்த மாளிகை?

2023 நவம்பரில் நிகழ்ந்ததைத் தமிழர் எளிதில் மறத்தல் ஆகாது. விடுதலைப் போராட்ட ஈகியான என். சங்கரய்யாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்க மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவும் பேரவையும் முடிவு செய்தன. 1941-இல் அவர் மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவர். இறுதித் தேர்வுக்கு இரண்டு கிழமைகளே இருந்தபோது ஆங்கிலேய அரசால் சிறையிலிடப்பெற்று, பட்டத்தை இழந்தவர். ஆங்கிலேயன் பறித்த பட்டத்தை அந்த ஊர்ப் பல்கலைக்கழகமே திருப்பித் தர முன்வந்தது. வேந்தராகிய ஆளுநர் இரவி கையெழுத்திட மறுத்தார்! உயர்கல்வி அமைச்சர் பட்டமளிப்பு விழாவைப் புறக்கணித்தார். அத் திங்கள் 15-ஆம் நாள், நூறாண்டு கடந்த அம் முதியவர், அப் பட்டத்தைப் பெறாமலே மறைந்தார். அவருடைய பொதுவுடைமைக் கட்சிக் கொள்கையோடு நமக்கு வேறுபாடுகள் உண்டு. ஆயினும், 1941-இல் ஆங்கிலேயன் பறித்ததற்கும் 2023-இல் தில்லியின் ஆளுநர் தடுத்ததற்கும் வேறுபாடு கண்டவர் உண்டானால் நமக்குச் சொல்லட்டும்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022 ஏப்பிரலில், துணைவேந்தரை மாநில அரசே அமர்த்தும் வகையில் சட்டவரைவுகளை நிறைவேற்றியது. தலைமை அமைச்சரின் சொந்த மாநிலமாகிய குசராத்தில் இவ்வுரிமை மாநில அரசுக்கு இருப்பது அன்றே எடுத்துக்காட்டப்பெற்றது. ஆளுநரோ வரைவுகளை அடக்கி வைத்தார், பின் திருப்பினார், மன்றம் 2023 நவம்பரில் மீண்டும் நிறைவேற்றவே, குடியரசுத் தலைவர்க்கு அனுப்பினார். 2025 ஏப்பிரல் 8-இல் உச்சமுறைமன்றம் பத்து வரைவுகளும் இசைவு பெற்றனவாகக் கருதப்பெறும் என்றது. அடுத்த மே 21-இல் துணைவேந்தர் அமர்த்தம் பற்றிய பகுதிக்கு உயர்முறைமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவ்வாண்டு நவம்பரில் உச்சமுறைமன்றத்தின் ஐவர் ஆயம், குடியரசுத் தலைவர்க்கு அளித்த கருத்துரையில், அவ்வாறு இசைவு பெற்றதாகக் கருதுதற்கு அரசியலமைப்பில் இடமில்லை என்றது. மக்கள் வாக்களித்து அமைத்த மன்றத்தின் முடிவு, ஒருவர் கையெழுத்துக்காக ஆண்டுக் கணக்கில் வாயிலில் நிற்க வேண்டியதாயிற்று. இதற்குப் பெயர் கூட்டாட்சியா? இஃது அடிமையாட்சி என்க!

இவ்விடத்தில் நம்மவர் சிலர் கை தட்டுவர். பொறுங்கள்! மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவோமானால் நாம் நடுநிலை தவறியவர் ஆவோம். ஆளுநர் கையினின்று பிடுங்கி அமைச்சர் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் செம்மையாகிவிடுமா? மாநில ஆட்சியாளரின் சொல்லுக்கு ஆளுநர் மாளிகை இசைந்து நடந்த காலங்களும் இருந்தன. அக் காலத்துத் துணைவேந்தரெல்லாரும் தமிழுக்காகவா அமர்த்தப்பெற்றனர்? கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் 2018 பிப்பிரவரியில் கையூட்டு வழக்கில் தளையிடப்பெற்றாரே, அவ்விழிவுக்குத் தில்லி மட்டுமா பொறுப்பு? தமிழின் பெயரால் ஆட்சிக்கு வந்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழைப் பயிற்றுமொழியாக்கத் துணிந்தவர் யார் என்று தேடினாரா? தம்மவர் யார் என்றுதானே தேடினர்! இதனை இரண்டகம் என்னாது வேறென்னென்பது?

பல்கலைக்கழக வளாகத்தில் பேசப்படுவதைக் கேட்டிருக்கின்றீர்களா? தேடல் தொடங்கிற்று என்றதும் பெயர்கள் காற்றில் மிதக்கும். முதல் வினா, ‘அவர் எந்தக் குலம்?’ என்பது. இரண்டாம் வினா, ‘எக் கட்சிக்கு வேண்டியவர்?’ என்பது. மூன்றாவது, ‘எவ்வளவு கொடுத்தாராம்?’ என்பது. ‘அவர் என்ன ஆய்ந்தார்? யாரை உருவாக்கினார்? தமிழில் ஒரு பாடமேனும் நடத்துவாரா?’ என்னும் வினாக்கள் எழுவதே இல்லை. அவ்வாறு பேசுவோரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. கதவை அடைத்துக்கொண்டு உள்ளே தேர்வு நடத்தினால், வெளியில் நிற்பவன் வேறென்ன பேசுவான்? இருட்டில்தான் ஐயம் முளைக்கும்.

‘துணைவேந்தர்க்குத் தமிழ் எதற்கு? இயற்பியல் வல்லுநர் வந்தால் ஆகாதா?’ என்று கேட்பார் உளர். நன்றாக வரட்டும்! தமிழ்ப் பேராசிரியர்தாம் வரவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவ் வியற்பியலைத் தமிழில் சொல்ல வல்லவராய், சொல்ல வேண்டும் என்ற உணர்வுடையவராய் வரட்டும் என்கின்றோம். முடியாதென்பார்க்கு ஒரு செய்தி. 1918-இல் ஐதராபாத்தில் தோன்றிய உசுமானியா பல்கலைக்கழகம், மருத்துவத்தையும் பொறியியலையும் உருது மொழியிலேயே கற்பித்தது. ஐபா நகரில் நிறுவப்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியலைச் செருமானிய மொழியில்தான் கற்பிப்போம் என்று அதன் ஆளுநர் குழு 1913-இல் முடிவு செய்தபோது, அந் நாட்டு எபிரேய ஆசிரியரும் மாணவரும் பள்ளிகளை விட்டு வெளியேறிப் போராடினர். பேச்சு வழக்கிழந்து அப்போதுதான் மீண்டெழுந்துகொண்டிருந்த மொழி எபிரேயம்! அம் மொழியிலேயே அக் கல்லூரி பின்னர் நடைபெற்றது. பேச்சு வழக்கு ஒருநாளும் அறாத தமிழைப் பேசும் நாமோ, ஆளுநர் குழுவின் வாயிலில் கைகட்டி நிற்கின்றோம்.

ஆதலின் நாம் வேண்டுவன இவை:

1. வேந்தர் பொறுப்பு ஆளுநர்க்கும் வேண்டா, அமைச்சர்க்கும் வேண்டா. பேரவை தேர்ந்தெடுக்கும் கல்வியாளர் ஒருவரே வேந்தராக இருக்கட்டும்.

2. தேடற்குழுவின் முன் நிற்பவரின் பெயர், ஆய்வு, பணி, அவர்மேலுள்ள வழக்கு ஆகிய அனைத்தும் மக்கள் அறிய வெளியிடப்பெறுதல் வேண்டும். இறுதி மூவரும் வளாகத்தில் ஆசிரியர், மாணவர், ஊழியர் முன் நின்று, தமிழில் பேசி, வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டும்.

3. தம் பணிக்காலத்துள் எவ்வெத் துறைகளைத் தமிழ்வழிக்குக் கொணர்வார், ஆளுகைக் கோப்புகளை எந்நாளிலிருந்து தமிழில் நடத்துவார் என்பதை எழுத்தில் தருபவரே பட்டியலில் இடம்பெறுதல் வேண்டும்.

4. ஒருவர் பணிக்காலம் முடிய ஆறு திங்கள் இருக்கும்போதே அடுத்தவர்க்கான தேடல் தொடங்குதல் வேண்டும். இருக்கை ஒருநாளும் வெறுமையாய்க் கிடத்தலாகாது.

ஆசிரியப் பெருமக்களே! சம்பளத்திற்காக வாயிலில் அமர்ந்தீர்கள். அஃது உங்கள் உரிமை. அதே உறுதியோடு, உங்களை ஆள்வார் யார் என்று வினவவும் அமருங்கள். மாணவத் தம்பியரே, தங்கையரே! அடுத்த தேடல் அறிவிக்கப்பெறும் நாளில், வருபவரின் குலத்தைக் கேளாதீர்கள், கட்சியைக் கேளாதீர்கள். ‘தமிழில் என்ன செய்வீர்?’ என்னும் ஒரே வினாவைத் தாளில் எழுதி, துறைதோறும் ஒட்டுங்கள். விடை சொல்ல இயலாதார்க்கு மாணிக்கனார் அமர்ந்த இருக்கை உரியதன்று என்று உரக்கச் சொல்லுங்கள்.

பொய் சொல்ல மறுத்தவர் அமர்ந்த இடத்தில், தமிழுக்கு மெய்யானவர் அமரும் நாளே மதுரைக்கு நன்னாள். அந் நாளை எவரும் நமக்குக் கொண்டுவந்து தரமாட்டார். தூங்கியது போதும், தமிழா! எழுக! வினவுக! வெல்க!