பழி பரம்பரை மேல்

“அவங்க அப்பாவும் குட்டை, தாத்தாவும் குட்டை. இவன் மட்டும் எப்படிங்க நெடுநெடுன்னு வளருவான்?” குழந்தையை அளந்து முடித்து, வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று அங்கன்வாடிப் பணியாளர் சொன்னதும் வீட்டாரிடமிருந்து வருகிற பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கேட்க நியாயமாகவும் இருக்கிறது. சாட்சிக்கு அப்பாவும் தாத்தாவும் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

படித்தவர்கள் இதையே கனமான மொழியில் சொல்கிறார்கள். 2013-ல் பொருளியலாளர் அரவிந்த் பனகாரியா ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சிசு மரணம், சராசரி ஆயுள் ஆகியவற்றில் இந்தியா பல ஆப்பிரிக்க நாடுகளைவிட முன்னே நிற்கிறது. அப்படியிருக்க இந்தியக் குழந்தைகள் மட்டும் அவர்களைவிட ஊட்டம் குறைந்தவர்களாகக் கணக்கு காட்டினால் கோளாறு அளவுகோலில்தான். உலகத்துக்கே ஒரே அளவுகோல் வைத்தது தவறு, மரபு வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது அவர் வாதம்.

இந்த வாதம் சரியென்றால் பெரிய நிம்மதிதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியவர்கள். அவர்களில் பெரும்பகுதியினருக்கு ஒரு குறையும் இல்லை என்று ஆகிவிடும். தவறென்றால், கோடிக்கணக்கான குழந்தைகளுக்குச் சேர வேண்டியதைத் தராமல் பழியைப் பாட்டன் பூட்டன் மேல் போடுகிறோம் என்று பொருள்.

முதலில், உயரம் பரம்பரையா? ஓரளவு ஆமாம். நன்றாக உண்டு வளர்ந்த ஒரு சமூகத்துக்குள் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள உயர வேறுபாட்டில் ஏறக்குறைய 80 விழுக்காடு மரபால் வருவது என்பதை அறிவியல் ஏற்கிறது. பரம்பரைவாதிகள் கையில் எடுக்கும் எண் இதுதான். ஆனால் எல்லோருக்கும் போதிய சோறும் நல்ல தண்ணீரும் கிடைத்த இடத்தில் எடுத்த கணக்கு அது. அரைவயிறு உண்ட ஊருக்கும் முழுவயிறு உண்ட ஊருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அதை வைத்து விளக்க முடியாது.

தென்கொரியாவைப் பாருங்கள். 1896-ல் பிறந்த பெண்களைவிட 1996-ல் பிறந்த பெண்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம். நூறு ஆண்டில் ஓர் இனத்தின் மரபணு மாறிவிடாது. மாறியது சாப்பாடும் மருத்துவமும் வாழ்க்கையும். அதே இனம், அதே மொழி, எல்லைக்கு வடக்கே பிறந்து வளர்ந்து பின் தெற்கே வந்தவர்களோ தெற்கத்தியரைவிடக் குட்டை. இன்று உலகிலேயே உயரமானவர்கள் என்று பெயர் வாங்கியிருக்கும் டச்சுக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவின் குட்டையானவர்கள் வரிசையில் இருந்தார்கள். குவாத்தமாலாவின் மாயா இனத்தவர் ‘இயல்பிலேயே குட்டை’ என்று நெடுநாள் நம்பப்பட்டவர்கள். உள்நாட்டுப் போருக்குத் தப்பி அமெரிக்கா சென்ற மாயாக் குடும்பங்களின் பிள்ளைகளை மானிடவியலாளர் பாரி போகின் அளந்தபோது, ஊரில் இருந்த அதே வயதுப் பிள்ளைகளைவிட அவர்கள் சுமார் 10 செ.மீ. உயர்ந்திருந்தார்கள். ஒரே தலைமுறையில்!

சரி, கொரியர் வேறு, நாம் வேறு. இந்தியர் உடம்பு வாகே இவ்வளவுதான் என்பது அடுத்த வாதம். இதற்கு விடை தெற்கு டெல்லியில் கிடைத்துவிட்டது. 1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, அவற்றோடு இந்தியா; இந்தியாவில் அளந்த இடம் தெற்கு டெல்லி. தாய்ப்பால் குடித்த, புகைக்காத தாய்க்குப் பிறந்த, வறுமையோ அடிக்கடி நோயோ தீண்டாத குழந்தைகளை மட்டும் எடுத்தார்கள். அளந்த முறையும் கறாரானது. இரண்டு வயது ஆகாத குழந்தையைப் பலகையில் படுக்கவைத்து, ஒருவர் தலையை மேல்பலகையோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்தி நேராக்கி, பாதத்தில் நகரும் பலகையைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கால் சற்று மடங்கினாலும் அளவு பிசகிவிடும்.

அந்த ஆறு இடத்துக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வளர்ந்தார்கள். நீள வேறுபாட்டில் ஊருக்கு ஊர் உள்ள பங்கு வெறும் 3 விழுக்காடு. ஒரே ஊர்க் குழந்தைகளுக்கு இடையே இருந்த வேறுபாடு 70 விழுக்காடு. ஆஸ்லோவின் குழந்தையையும் டெல்லியின் குழந்தையையும் பிரித்துச் சொல்லப் பரம்பரைக்கு அங்கே வேலையே இல்லை. இன்று அங்கன்வாடியில் இருக்கும் வளர்ச்சி அட்டை இந்த அளவுகளிலிருந்து வந்ததுதான். அதன்படி இரண்டு வயது ஆண் குழந்தையின் நடு அளவு 87 செ.மீ.; 81-க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றல்.

“டெல்லியில் அளந்தது வசதியான வீட்டுப் பிள்ளைகளைத்தானே?” என்று கேட்பார்கள். ஆமாம், அவர்களும் இந்தியர்கள்தானே. வசதி கிடைத்தால் இந்திய உடம்பு எவ்வளவு வளரும் என்பதைத்தான் அந்தப் பிள்ளைகள் காட்டினார்கள்.

அப்படியானால் ஏழை ஆப்பிரிக்கக் குழந்தை நம் குழந்தையைவிட எப்படி உயரமாக இருக்கிறது? பனகாரியாவின் கேள்வியில் வலுவான இடம் இது. தட்டிக்கழிக்கக் கூடாது. சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. இந்தியாவில் தலைப்பிள்ளை ஆப்பிரிக்கத் தலைப்பிள்ளைக்கு உயரத்தில் குறைந்ததில்லை. மூத்த மகன் என்றால் குறைவே தெரிவதில்லை. இரண்டாவது குழந்தையிலிருந்துதான் இறக்கம் தொடங்குகிறது, மூன்றாவதில் இன்னும் கூடுகிறது. ஒரே தாய் தகப்பன், ஒரே ரத்தம். பரம்பரை காரணமென்றால் மூத்தவனையும் அது பிடித்திருக்க வேண்டும். வீட்டில் இருப்பதை யாருக்கு முதலில் வைக்கிறோம் என்பதைத்தான் அந்த உயரங்கள் எழுதிக் காட்டுகின்றன.

தாயிடமும் போக வேண்டும். மக்கள்தொகை ஆய்வாளர் டயன் காஃபி 2015-ல் போட்ட கணக்கில், கருவுறும் நேரத்தில் எடை குறைவாக இருந்த இந்தியப் பெண்கள் 42 விழுக்காடு. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 16.5. எல்லோரும் உண்டு எழுந்த பிறகு மிச்சத்தை வழித்துச் சாப்பிடும் இளம் மருமகளின் தட்டிலிருந்துதான் பேரக்குழந்தையின் உயரம் தொடங்குகிறது. இதோடு, திறந்தவெளியில் மலம் கழிப்பதால் குழந்தையின் குடலில் ஓயாமல் தொற்று ஏற்பட்டு, உண்டது உடம்பில் ஒட்டாமல் போவதை டீன் ஸ்பியர்ஸ் போன்றோர் சுட்டினார்கள். கழிப்பறை மட்டும் கட்டிக்கொடுத்துப் பார்த்த வங்கதேச, கென்ய சோதனைகளில் உயரம் கூடவில்லை என்பதும் உண்மை. ஒற்றை மருந்து போதாது என்றே அதிலிருந்து தெரிகிறது. பழி மறுபடி பரம்பரைக்குத் திரும்பாது. 2005-06-ல் நாட்டில் 48 விழுக்காடாக இருந்த வளர்ச்சி குன்றல் பதினைந்து ஆண்டில் 35.5-க்கு இறங்கியது. பதினைந்து ஆண்டில் இறங்கக்கூடியதா பரம்பரை?

“குட்டையாக இருந்தால் என்ன, ஆரோக்கியமாகத்தானே இருக்கிறான்” என்ற பேச்சுக்கும் வயது கொஞ்சம் ஆகிவிட்டது. 1980-களில் டேவிட் செக்லர் என்ற பொருளியலாளர் ‘சிறியவர், ஆனால் ஆரோக்கியமானவர்’ என்று இதையே கொள்கையாக முன்வைத்தார். அதை முன்னின்று எதிர்த்தவர் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன். ஏழைக்கு ஓர் அளவுகோல், வசதியானவனுக்கு ஓர் அளவுகோல் என்பதை அவர் ஏற்கவில்லை. காலம் அவர் பக்கம் நின்றது. குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை இரண்டு கிராமத்தில் பால்பொடியும் புரதமும் கலந்த கஞ்சி கொடுத்தார்கள், வேறு இரண்டில் புரதமில்லாத இனிப்பு நீர். இரண்டு வயது வரை கஞ்சி குடித்த ஆண்கள் வளர்ந்து வேலைக்குப் போனபோது மணிக்கூலி 46 விழுக்காடு அதிகம் பெற்றார்கள். புனேயில் மருத்துவர் யாக்னிக் குழுவினர் கண்டதோ இன்னும் கவலை தருவது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருக்க, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. இப்படிப் பிறந்த உடம்புதான் நடுவயதில் சர்க்கரை நோய்க்கு எளிதில் ஆளாகிறது.

“வளர்ற வயசு வந்தா தானா இழுத்துக்கும்” என்பது பாட்டிமார் தரும் ஆறுதல். வளர்ற வயது உண்மைதான். பெண்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதையொட்டியும் பையனுக்குப் பதினான்கையொட்டியும் ஆண்டுக்கு எட்டொன்பது செ.மீ. ஏறும். ஆனால் குழந்தை முதல் ஓராண்டில் மட்டும் 25 செ.மீ. வளர்கிறது. இரண்டு வயதில் நிற்கும் உயரம், பெரியவனாகி நிற்கப்போகும் உயரத்தில் ஏறத்தாழ பாதி. அங்கே விட்டதைப் பின்னால் ஓரளவுதான் பிடிக்க முடியும். எலும்பு முனையில் இருக்கும் வளர்தட்டுகள் பருவ வயது முடியும்போது மூடிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு கம்பியில் தொங்கினாலும் டப்பா டப்பாவாகப் பொடி கரைத்துக் குடித்தாலும் ஒரு செ.மீ. கூடாது. அந்த டப்பாவுக்கு ஆகும் காசில் முட்டையும் பயறும் வாங்கி, ஆறு மாதக் குழந்தைக்கு மசித்துக் கொடுக்கத் தொடங்கலாம்.

பரம்பரை மேல் பழி போடும் வழக்கம் முதுமையிலும் உண்டு. எழுபது வயதுக்குள் ஆண்கள் சுமார் 3 செ.மீ., பெண்கள் 5 செ.மீ. உயரம் இழப்பதாக அமெரிக்காவின் பால்டிமோர் நெடுங்கால ஆய்வு கண்டது. அதற்கு மேலும் வேகமாகக் குறுகினால் முதுகெலும்பு நொறுங்குகிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘எங்கம்மாவுக்கும் இப்படித்தான் கூன் விழுந்தது’ என்று விட்டுவிடக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு இதில் அனுபவம் உண்டு. 1980-ல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு உடனே சத்துருண்டை; தாயிடம் உட்கார்ந்து பேச்சு. கடுமையான ஊட்டக்குறைவு அங்கே கணிசமாகக் குறைந்தது. பரம்பரை என்று யாராவது கைவிரித்திருந்தால் அந்தத் தராசு மரத்தில் தொங்கியிருக்காது. 2019-21 கணக்கெடுப்பிலும் மாநிலத்தில் நான்கில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. அந்தக் குழந்தையின் அட்டையில் கோடு படுத்திருக்கும்போது, அப்பாவின் உயரத்தை விசாரிப்பதை விட்டு, கடந்த மாதம் எத்தனை முறை வயிற்றுப்போக்கு வந்தது, தட்டில் பருப்பும் முட்டையும் விழுகிறதா, அம்மா எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்க வேண்டும்.